கடல் தாண்டிக் கட்டப்படும் இணையத்தளம்: இங்கேயே இருக்க வேண்டியவை

சிங்கப்பூரில் அஞ்சல் குறியீடு 6 இலக்கம். இந்தியாவிலும் பின்கோடு 6 இலக்கம்தான். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. 1972இல் வந்த இந்திய பின்கோடு ஒரு தபால் அலுவலகத்தின் வட்டாரத்தைக் காட்டும். அதன்கீழ் பல தெருக்களும் ஆயிரக்கணக்கான வீடுகளும் இருக்கும். 1995 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் புழங்கும் குறியீடு பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தைக் காட்டும். 210665 என்று தட்டினால் பஃபலோ ரோடு 665ஆம் புளோக், அதாவது தேக்கா நிலையம். அதற்குமேல் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டியது மாடியும் கதவு எண்ணும் மட்டுமே. சிங்கப்பூர்க் கடைக்கு இணையத்தளம் கட்டித் தரும், சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் டெவலப்பர் முகவரிப் படிவம் செய்யும்போது கதவு எண், தெரு, பகுதி, நகரம், மாநிலம், பின்கோடு என்று ஆறு கட்டம் போடுவார். அவர் ஊருக்கு அது சரி. சோதித்துப் பார்த்தாலும் பிழை எதுவும் காட்டாது, 6 இலக்கத்தை ஏற்றுக்கொள்ளும். இங்கே ஆர்டர் போட வருபவர்தான் 'மாநிலம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பக்கத்தை மூடிவிட்டுப் போவார்.

இதுபோன்றவை நிறைய உண்டு. கைப்பேசி எண் இங்கே 8 இலக்கம், 8இல் அல்லது 9இல் தொடங்கும். இந்தியாவில் 10 இலக்கம். முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து, எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று விதியும் போட்டுவிட்டால், அடையாள அட்டையில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (இன்னாரின் மகள்) என்று சாய்கோட்டுடன் பெயர் உள்ள நம்மவர்கள் சொந்தப் பெயரையே பதிய முடியாது. தொகையில் காற்புள்ளி இந்திய முறையில் விழுந்து 1,25,000 என்று வந்தால், சீன, மலாய் வாடிக்கையாளர்கள் அதைத் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள கடை பொதுமக்களுக்குக் காட்டும் விலை வரியையும் சேர்த்த விலையாக இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும்தான் விலக்கு. இது தெரியாத குழு, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் 9 விழுக்காட்டைக் கூட்டிக் காட்டும்.

இவற்றில் எதுவும் நிரல் எழுதத் தெரியாமல் வரும் பிழை அல்ல. இங்கே வாழ்பவருக்கு இவை சொல்ல வேண்டிய செய்திகளாகவே தோன்றுவதில்லை. அங்கே இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்றும் தோன்றுவதில்லை. வெளிநாட்டுக் குழுவுடன் செய்யும் வேலை கெட்டுப்போனால் தூரத்தையும் நேர வித்தியாசத்தையும் குறை சொல்வது வழக்கம். நான் பார்த்தவரை முதற்காரணம், வேலையோடு சேர்த்துப் பொறுப்பையும் அனுப்பிவிட்டதாக இங்கே இருக்கும் உரிமையாளர் நினைத்துக்கொள்வதுதான். நிரலை எங்கிருந்து வேண்டுமானாலும் எழுதி வாங்கலாம். என்ன வேண்டும் என்று முடிவெடுப்பது, முடிந்ததா என்று பார்ப்பது, சாவிகளைக் கையில் வைத்திருப்பது, வாடிக்கையாளரின் தகவலுக்குப் பதில் சொல்வது ஆகியவை இங்கேதான் இருந்தாக வேண்டும்.

வெளியே கொடுப்பதற்கான காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. வெளிநாட்டு நிரலாளர் ஒருவரை எம்பிளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதியில் இங்கே அழைத்துவர, 2025 ஜனவரி முதல் குறைந்தது மாதம் 5,600 வெள்ளி சம்பளம் காட்ட வேண்டும். வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் புள்ளி முறையிலும் தேற வேண்டும். உள்ளூர் நிரலாளரை எடுக்கலாம் என்றால் வங்கிகள் கொடுக்கும் சம்பளத்தோடு போட்டி போட வேண்டும். கேட்டரிங் நடத்துபவருக்கும் துணிக்கடை வைத்திருப்பவருக்கும் ஆண்டு முழுக்க ஒரு நிரலாளர் தேவைப்படுவதும் இல்லை. மூன்று நான்கு மாத வேலை, பிறகு அவ்வப்போது பராமரிப்பு, அவ்வளவுதான். அதற்கு மதுரையோ ஹனோயோ மணிலாவோ கைகொடுக்கிறது.

குழு தேடுவதற்கு முன்பே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். பிஎஸ்ஜி எனப்படும் உற்பத்தித்திறன் தீர்வு மானியம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் செலவில் 50 விழுக்காடு வரை தருகிறது. அது முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட தீர்வுகளுக்கு மட்டும்தான்; விண்ணப்பிக்கும் முன்பே பணம் கட்டியிருந்தால் கிடைக்காது. உங்கள் தேவை வெறும் பொருள் பட்டியல், வாங்கும் பொருளைப் போட்டுவைக்கும் வண்டி (கார்ட்), கட்டணம் என்ற அளவில் இருந்தால் அந்தப் பட்டியலில் உள்ள ஆயத்தத் தீர்வே போதும். கடல் தாண்டிப் போய்ப் புதிதாகக் கட்ட வேண்டியது, உங்கள் வியாபாரத்தில் ஆயத்தத் தீர்வுக்குள் அடங்காத ஏதோ ஒன்று இருந்தால்தான்.

விலை கேட்பதற்கு முன் எழுத வேண்டியது

தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம், லட்டு ஆர்டர் எடுக்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கடை வாங்கும் குவோட்டேஷனில் 'ஆன்லைன் ஆர்டர் வசதி' என்று ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி செய்ய முடியும்? அது நிரம்பினால் அந்தத் தேதி மறைய வேண்டுமா, மங்கலாகத் தெரிய வேண்டுமா? செந்தோசாவுக்கும் ஜூரோங் தீவுக்கும் டெலிவரி உண்டா, கூடுதல் கட்டணம் எவ்வளவு? நேரில் வந்து எடுப்பவருக்கு எந்தெந்த நேரம்? பேநவ் எனப்படும் வங்கிப் பரிமாற்றம் மூலம் பணம் அனுப்பியவர் எந்த ஆர்டருக்கு அனுப்பினார் என்பதை யார், எப்படிப் பொருத்துவது? ஆர்டரை மாற்ற எத்தனை நாள் முன்பு வரை இடம்? அலுவலகங்களுக்கு மொத்தமாக 200 பெட்டி கேட்கிறவர் இதே பக்கத்தில்தான் வர வேண்டுமா?

இவற்றுக்கெல்லாம் கடைக்காரர் மனத்தில் விடை இருக்கிறது. பல ஆண்டு வியாபாரத்தில் தேறிய விடைகள் அவை. ஆனால் அவற்றைக் காகிதத்தில் இறக்காமல் விலை கேட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் அந்தக் குழுவே தனக்கு எளிதான விடையை எடுத்துக்கொள்ளும். குறைந்த விலைக்கு வரும் குவோட்டேஷன் பெரும்பாலும் குறைவாகப் புரிந்துகொண்ட குவோட்டேஷனாக இருக்கும். வேலை பாதியில் நிற்கும்போதுதான் 'இது ஸ்கோப்பில் இல்லை சார்' என்ற பதில் வரும். அது ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். எழுதாததற்கு அவர்கள் விலை போடவில்லை, அவ்வளவுதான்.

எழுதும் முறை எளிமையாக இருக்கலாம். தொழில்நுட்பச் சொல் தேவையில்லை. 'ஒரு தேதிக்கு 120 பெட்டிக்கு மேல் எடுக்கக் கூடாது. 120ஆவது பெட்டி விற்றதும் அந்தத் தேதி நாள்காட்டியில் மங்கி, தேர்ந்தெடுக்க முடியாமல் போக வேண்டும். கடைசிப் பெட்டியை இருவர் ஒரே சமயத்தில் வண்டியில் போட்டால், முதலில் பணம் கட்டுபவருக்கே அது போக வேண்டும். மற்றவருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிய வேண்டும்.' இந்த அளவுக்கு எழுதினால் போதும். இதை வைத்துக் குழு விலை போடலாம், நிரல் எழுதலாம். முடிந்தபின் நீங்களே கைப்பேசியை எடுத்து, எழுதிய வரிகளைப் படித்துப் படித்துச் சோதிக்கலாம். ஒரே தாள் மூன்று வேலைக்கும் பயன்படும். எவையெவை இந்த வேலையில் சேராது என்பதையும் அதே தாளின் அடியில் எழுதிவைப்பது பின்னால் பல சண்டைகளைத் தவிர்க்கும்.

குழு தமிழ்நாட்டில் இருக்கும்போது நமக்கென்று தனியாக ஓர் ஆபத்து உண்டு. வியட்நாம் குழுவிடம் பேசும் சீன முதலாளிக்கு, புரிந்ததா இல்லையா என்ற சந்தேகம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அதனால் அவர் மின்னஞ்சல் அனுப்புவார், படம் வரைவார். நாம் தமிழில் பேசிவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போகிறது. "தம்பி, போன வாரம் சொன்னேனே, அந்தத் தேதி விஷயம்?" "பண்ணிடலாம் சார், பார்த்துக்கிறேன்." இருவரும் நிம்மதியாகப் போனை வைக்கிறார்கள். பேசிய விலைக்குள் அது அடங்கும் என்று இவர் நினைக்கிறார். இரண்டாம் கட்டத்தில் செய்யலாம் என்று அவர் நினைக்கிறார். இடையில் சிங்கப்பூர்க் கடைக்காரரின் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல அந்த இளைஞருக்கு மனம் வருவதில்லை. வயது, மரியாதை, வாடிக்கையாளர் என்ற இடம் எல்லாம் சேர்ந்து தடுக்கின்றன. எனவே தமிழில் தாராளமாகப் பேசுங்கள், நல்லதுதான். பேசி முடித்த அன்றே முடிவான விஷயங்களை நான்கு வரியில் எழுதி அனுப்பி, 'இதில் எது கஷ்டம், எதற்குக் கூடுதல் நாள் வேண்டும்?' என்று கேளுங்கள். முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் வரும். எது கஷ்டம் என்று கேட்டால் உண்மை வரும்.

இரண்டரை மணி நேரமும் இரண்டு நாள்காட்டியும்

சிங்கப்பூர் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. (1982 ஜனவரி 1இல் மலேசியாவோடு சேர்ந்து நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், அதுவரை இரண்டு மணி நேரம்தான்.) சிறிய வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. அங்கே காலை 9.30க்கு வேலை தொடங்கும்போது இங்கே நண்பகல் 12, சாப்பாட்டு நேரம். அங்கே 1 மணிக்குச் சாப்பிடப் போகும்போது இங்கே 3.30. இங்கே 6 மணிக்குக் கிளம்பும்போது அங்கே 3.30தான். இரு தரப்பும் மேசையில் இருக்கும் நேரம் நம் கணக்கில் 1 மணி முதல் 3.30 வரை, பிறகு 4.30 முதல் 6 வரை. நாளுக்கு நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தை இருவரும் காலண்டரில் குறித்து, கேள்விகளையும் டெமோவையும் அதற்குள் வைத்துக்கொண்டால், இரவு 9.30க்கு வரும் அழைப்புகள் தானாகக் குறையும். ஹனோய்க்கு ஒரு மணி நேர வித்தியாசம், மணிலாவுக்கு வித்தியாசமே இல்லை. கீவ் போன்ற இடங்களுக்குக் கோடையில் ஐந்து, குளிர்காலத்தில் ஆறு. அங்கே கேள்விக்கு மறுநாள்தான் விடை வரும் என்று வைத்துத் திட்டமிட வேண்டும்.

மணி வித்தியாசத்தைவிட நாள்காட்டிதான் அதிகம் இடிக்கும். பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை இல்லை. தமிழ்நாட்டில் ஜனவரி நடுவில் நான்கைந்து நாள் அலுவலகம் காலி. சீனப் புத்தாண்டுக்கு நமக்கு இரண்டு நாள். அதே சமயம் வரும் தெத் புத்தாண்டுக்கு வியட்நாமில் ஒரு வாரமே நின்றுவிடும். ஆனால் எல்லாவற்றிலும் கவனமாக இருக்க வேண்டியது தீபாவளி. லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவருக்கு ஆண்டின் பெரிய விற்பனை அந்த வாரங்களில்தான். இணையத்தளத்துக்குக் கூட்டம் வருவதும் அப்போதுதான். தளம் படுத்துவிடுவதும் அப்போதுதான். அதே நாளில் மதுரையில் இருக்கும் டெவலப்பர் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் குடும்பத்தோடு இருப்பார், ஊருக்குப் பேருந்து ஏறியிருப்பார். அவரைக் கூப்பிடுவது நியாயமும் இல்லை.

போதாக்குறைக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை சுற்றுவட்டாரத்தில் பல நாள் தண்ணீரும் மின்தடையும். ஐடி நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் பகுதி அது. ஆகவே தீபாவளிக்கு விற்க வேண்டிய தளம் ஆகஸ்டு இறுதியில் திறந்திருக்க வேண்டும். செப்டம்பர் முழுவதும் குறை தீர்க்க. தீபாவளிக்கு மூன்று வாரத்துக்கு முன் எந்த மாற்றமும் செய்யாமல் பூட்டிவிட வேண்டும். அந்த மூன்று வாரத்துக்கு அவசரத்தில் அழைக்க ஓர் உள்ளூர் ஆளை முன்பணம் கொடுத்தே ஏற்பாடு செய்துவைப்பது வீண் செலவு ஆகாது.

யார் முடிவு சொல்வது

மெல்வின் கான்வே என்ற கணினி அறிஞர் 1968இல் ஒன்றைச் சொன்னார்: ஓர் அமைப்பு வடிவமைக்கும் எதுவும், அந்த அமைப்புக்குள் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் விதத்தையே பிரதி எடுக்கும். வெளிநாட்டு வேலையில் இதைக் கண்ணால் காணலாம். வடிவமைப்பு சிங்கப்பூரில், வாடிக்கையாளர் பார்க்கும் முன்பக்கம் மணிலாவில், உள்ளே வேலை செய்யும் பின்பக்கம் கோயம்புத்தூரில் என்று பிரித்தால், கோளாறு எல்லாம் அந்த இரண்டு ஒட்டுகளில்தான் வரும். சிறு வேலையை ஒரே ஊரில் ஒரே குழுவிடம் முழுமையாகக் கொடுப்பது நல்லது. தனித்தனியாகக் கொடுத்து மிச்சம் பிடிக்கும் பணம் ஒட்டுப் போடுவதிலேயே போய்விடும்.

சிங்கப்பூர்ப் பக்கத்திலும் அதே விதி பொருந்தும். குடும்ப வியாபாரத்தில் அப்பா ஒன்று சொல்வார், மகள் ஒன்று சொல்வார், கணக்கர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். மூவரும் அந்தக் குழுவின் வாட்ஸ்அப் குழுமத்தில் இருந்தால் தளமும் மூன்று மனத்தோடுதான் வரும். வீட்டுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். வெளியே போகும் முடிவு ஒருவர் வாயிலிருந்து மட்டும் வர வேண்டும். அந்த ஒருவருக்கு வாரத்தில் சில மணி நேரமாவது இதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். கடையையும் பார்த்துக்கொண்டு ஓரத்தில் இதையும் பார்க்கலாம் என்று தொடங்கும் வேலைகளில், அங்கிருந்து வரும் கேள்விகள் நாள்கணக்கில் விடையின்றிக் கிடக்கும். அந்த நாள்களும் தாமதக் கணக்கில் சேரும். பழி மட்டும் அவர்கள்மேல் விழும்.

முன்னேற்றத்தை விழுக்காட்டில் கேட்காதீர்கள். '80 விழுக்காடு முடிந்தது' என்ற பதில் பல வாரங்களுக்கு அப்படியே இருக்கக்கூடியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஸ்டேஜிங் எனப்படும் சோதனைத் தளத்தில், உங்கள் கைப்பேசியில், உங்கள் விரலால் நீங்களே அழுத்திப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று வர வேண்டும். முதல் டெமோவில் ஒரே ஒரு பொருளை வாங்கிப் பணம் கட்டும் வரை வந்தால்கூட அது பெரிய விஷயம். அழகு பிறகு வரலாம். அவர்கள் தங்கள் திரையைப் பகிர்ந்து காட்டும் டெமோவை மட்டும் நம்பக் கூடாது. அவர்களுக்குத் தெரிந்த வழியில் மட்டுமே நடந்து காட்டுவார்கள்.

தாமதம் ஏற்பட்டால் 'இன்னும் இரண்டு பேரைப் போடுகிறோம்' என்று முன்வருவார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று 1975லேயே சொல்லிவிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் வேலையை நிறுத்த வேண்டும். உங்கள் கடையின் அந்த 120 பெட்டிக் கதையைப் புதியவருக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆள் சேர்ப்பதைவிட முதல் வெளியீட்டிலிருந்து எதைக் கழிக்கலாம் என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பதே பெரும்பாலும் பயன் தரும்.

சாவிகளும் சட்டமும்

டொமைன் உங்கள் நிறுவனத்தின் பெயரில் பதிவாக வேண்டும். டாட் எஸ்ஜி முகவரிகளுக்கு இதில் நல்ல பாதுகாப்பு உண்டு: சிங்கப்பூரில் உள்ள நிர்வாகத் தொடர்பாளர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாக உறுதிசெய்ய வேண்டும். தமிழிலேயே முகவரி வைக்க விரும்புவோருக்கு .சிங்கப்பூர் என்ற முடிவும் இருக்கிறது. டாட் காமில் இப்படி எந்தக் காவலும் இல்லை. குழுவே தன் கணக்கில் வாங்கிக் கொடுத்துவிடும், உரிமையாளர் அவர்கள்தான் என்பது உறவு முறியும்போதுதான் தெரியும். ஹோஸ்டிங் கணக்கு, கிட்ஹப்பில் நிரல் இருக்கும் ரெப்போ, கட்டண வாயில், கூகள் கணக்குகள் எல்லாவற்றையும் முதல் நாளே உங்கள் மின்னஞ்சலில் நீங்கள் திறந்து, அவர்களை உள்ளே அழைக்க வேண்டும். அவர்கள் திறந்து, முடிந்ததும் ஒப்படைப்பது என்பது தலைகீழ் வழி. நிரல் அன்றாடம் உங்கள் ரெப்போவில் வந்து சேர வேண்டும். நீங்கள் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தகவல் பாதுகாப்பில் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களுக்காக வேறொருவர் வாடிக்கையாளர் தகவலைக் கையாண்டாலும், அதை நீங்களே கையாண்டது போன்ற பொறுப்பு உங்களுக்கு உண்டு. வெளிநாட்டுக்குத் தகவல் போனால், இங்கே உள்ளதற்கு இணையான பாதுகாப்பு அங்கும் இருப்பதை நீங்கள்தான் உறுதிசெய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிக் கட்டுவது அதற்கு வழக்கமான வழி. 2022 அக்டோபர் முதல் அபராதத்தின் உச்சம் 1 மில்லியன் வெள்ளி அல்லது சிங்கப்பூர் ஆண்டு வருவாயில் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அது. 500 பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ பாதிக்கும் கசிவு என்று மதிப்பிட்டதும் மூன்று நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த மூன்று நாளில் உங்கள் குழு பொங்கல் விடுமுறையில் இருந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே யோசித்து வைக்க வேண்டும்.

2018இல் சிங்ஹெல்த் என்ற பொதுச் சுகாதாரக் குழுமத்தின் கணினி ஊடுருவலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரம் களவு போனது. மறு ஆண்டு ஆணையம் அபராதம் விதித்தபோது, கணினி முறையை நடத்திய ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளி, சிங்ஹெல்துக்கு 250,000 வெள்ளி. கணினி வேலையைச் செய்தது வேறு நிறுவனம் என்பதால் தகவலுக்கு உரியவர் தப்பவில்லை. சிறு கடைக்கும் அதே சட்டம்தான்.

நடைமுறையில் செய்ய வேண்டியது சிக்கலானது அல்ல. உண்மையான வாடிக்கையாளர் பட்டியலைச் சோதனைக்கு அனுப்பாதீர்கள். கற்பனைப் பெயர்களும் எண்களும் போதும். சட்டம் கேட்காத இடத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் கட்டமே படிவத்தில் இருக்கக் கூடாது. 2019 செப்டம்பரிலிருந்து அதற்குத் தடை. சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். அமேசான் சிங்கப்பூரில் 2010லிருந்தும் மும்பையில் 2016லிருந்தும் சர்வர் வைத்திருக்கிறது. பழக்கத்தில் மும்பையைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்; அப்போது வேகமும் குறையும், தகவலும் நாடு கடக்கும்.

நிரல் யாருக்குச் சொந்தம் என்பது பலரும் கவனிக்காத இடம். பணம் கொடுத்துவிட்டதாலேயே பதிப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. எழுத்தில் மாற்றித் தர வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. எவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டும் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். சிங்கப்பூரில் ஓடப்போகும் தளத்துக்கு இந்தியாவுக்குள் மட்டும் உரிமை இருந்து என்ன பயன்? 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

சண்டை வந்தால் என்ன? சிங்கப்பூர் அனைத்துலக நடுவர் மன்றத்தை ஒப்பந்தத்தில் எழுதலாம். இந்தியாவும் சிங்கப்பூரும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் இருப்பதால் அதன் தீர்ப்பை அங்கே நிறைவேற்ற வழி உண்டு. ஆனால் 15,000 வெள்ளி வேலைக்கு நடுவர் மன்றச் செலவு கட்டுப்படியாகாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை விசாரிக்கும் என்றாலும், எதிர்த்தரப்பு கோயம்புத்தூரில் இருக்கும்போது அந்த உத்தரவு பணமாகக் கைக்கு வருவது கடினம். ஆகவே சிறு வியாபாரிக்கு உண்மையான காவல் பணம் கொடுக்கும் முறைதான். 20 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வேண்டாம். மீதியை நாள் கணக்கில் தராமல், நீங்கள் அழுத்திப் பார்த்துச் சரி என்று சொன்ன ஒவ்வொரு பகுதிக்கும் தருவது. கடைசி 10 விழுக்காடு, தளம் திறந்து ஒரு மாதம் ஓடிய பிறகு. அதே சமயம் நீங்கள் சரி என்று சொன்ன வாரமே பணம் போய்ச் சேர வேண்டும். சிறு குழுக்கள் மாதச் சம்பளத்துக்கு இந்தப் பணத்தை நம்பியிருப்பவை. தவணையை இழுத்தடிப்பவருக்கு நல்ல டெவலப்பரை ஒதுக்கமாட்டார்கள்.

வரியில் ஒரு குறிப்பு. வெளிநாட்டு நிறுவனம் முழுக்க வெளிநாட்டிலேயே செய்து தரும் தொழில்நுட்ப வேலைக்கு இங்கே வரிப்பிடித்தம் இல்லை. அவர்களின் ஆள் இங்கே வந்து உட்கார்ந்து செய்தால் அந்தப் பகுதிக்கு வரிப்பிடித்தமும் வேலை அனுமதியும் கேள்வியாகும். டிக்கெட் போடுமுன் கணக்கரைக் கேளுங்கள்.

தமிழ்ப் பக்கத்தை யார் பார்ப்பார்கள்?

கணினித் தமிழின் தொடக்க கால வேலைகளில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1997இல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது, இங்கிருந்த நா. கோவிந்தசாமி அந்த முயற்சிகளின் முன்னோடி. அந்த ஊரில் ஒரு தமிழ்க் கடையின் தளத்தில் தமிழ் உடைந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. காரணங்கள் எளியவை. அச்சகம் கொடுத்த பழைய கோப்பில் தமிழ் பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றாமல் ஒட்டினால் குப்பையாக வரும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிந்த பொத்தான் தமிழில் இரண்டு வரிக்கு வழியும். ஹனோய் குழுவுக்கு இது கண்ணில் படாது. தமிழ்நாட்டுக் குழுவுக்குப் படும், ஆனால் யாரும் கேட்காவிட்டால் இயந்திர மொழிபெயர்ப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். தமிழ் உரையை நீங்களே எழுதி, யூனிகோடில் கொடுங்கள். ஒவ்வொரு டெமோவிலும் தமிழ்ப் பக்கத்தை முதலில் திறந்து பாருங்கள். கடைசி வாரத்துக்கு ஒதுக்கினால் அது நடக்காது.

இன்னும் குழுவைத் தேர்ந்தெடுக்காதவர்கள் இவற்றையெல்லாம் சிறிய அளவில் முன்கூட்டியே சோதிக்கலாம். முகவரிப் படிவம் போன்ற ஒரு சிறு பகுதியை எழுதி, இரண்டு குழுக்களிடம் பணம் கொடுத்தே செய்யச் சொல்லுங்கள். யார் அழகாகச் செய்தார்கள் என்பதைவிட, யார் கேள்வி கேட்டார்கள் என்று பாருங்கள். 'சிங்கப்பூரில் மாநிலம் உண்டா சார்?' என்று கேட்டவரிடம் வேலையைக் கொடுக்கலாம்.

வேலை முடிந்து கடைசி 10 விழுக்காட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சோதனை மட்டும் பாக்கி. இந்த வேலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு டெவலப்பரைப் பிடித்து, ஒரு நாள் கூலி பேசி, உங்கள் ரெப்போவையும் அந்தக் குழு எழுதிக் கொடுத்த குறிப்பையும் மட்டும் கொடுங்கள். புதிய கணினியில் தளத்தை எழுப்பி, பேக்கப்பிலிருந்து சோதனைத் தரவை ஏற்றி, முகப்பில் ஒரு விலையை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். அவர் யாரையும் அழைக்காமல் மாலைக்குள் முடித்துவிட்டால் கையெழுத்திட்டுப் பணத்தை அனுப்புங்கள். எங்கே தடுக்கிறதோ அதைக் குறித்து மதுரைக்கு அனுப்புங்கள். ஒப்படைப்பில் விட்டுப்போனவற்றின் பட்டியல் அதுதான்.